ஹைதரின் குதிரைகளும் என் ஒன்பது அங்குலச் சாணும்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் நடக்கும் பொம்மைப் படை ஆட்டத்துக்கு எப்படிப் போவது என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். போன மாதம் இரண்டாம் ஞாயிறு போய் வந்தேன். கூப்பிட்டவர் தாஸ் அண்ணா, தங்கவயல்காரர். விரல் உயரச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசி, மேசைமேல் பழைய போர்களை ஆடுபவர். ஹைதர் அலி காலத்துச் சண்டைகளுக்கு அவரே புதிதாக விதிகள் எழுதியிருந்தார். அச்சுக்குப் போகும் முன் கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்க்க என்னை அழைத்தார்.

சந்தாபுராவில் காலை 7.10க்குப் பஸ், நாள் பாஸ் 80 ரூபாய். 8.40க்குச் சிவாஜிநகர். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். அவசரப்பட்டு ஆட்டோ பிடித்தேன்.

"ட்ராஃபிக் ஜாஸ்தி சார், நூத்தம்பது குடுங்க."

"ஞாயித்துக்கெழம காலைல எங்கய்யா ட்ராஃபிக்?"

"சரி, நூத்தி இருவது. ஏறுங்க."

ஏமாற்றுக்காரன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஏறினேன். நான் திட்டியிருக்கவே கூடாது.

அண்ணா வீட்டு ஹாலில் ஆறடிக்கு நாலடி மேசை. கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் அண்ணாவுக்கு, ஹைதரின் குதிரைப்படை எனக்கு. குதிரைகள் பன்னிரண்டு அங்குலம் பாயலாம். ஆனால் 'பாய்கிறேன்' என்று அறிவித்த பிறகுதான் டேப் வைத்து அளக்க வேண்டும். எதிரியை எட்டவில்லையென்றால் குதிரைகள் வெட்டவெளியில் நின்று குண்டடி படும். இந்தக் கண்மதிப்பை நம்பித்தான் மொத்த ஆட்டமும்.

நான் மாடுலர் கிச்சன் போடுபவன். பதினெட்டு வருஷமாகப் ப்ளைவுட்மேல் கையை விரித்தே அளவு சொல்கிறேன். என் சாண் அச்சு அசலாக ஒன்பது அங்குலம், கூட நாலு விரல் வைத்தால் பன்னிரண்டு. மேசைமேல் சும்மா சாய்வதுபோலக் கையை விரித்து வைத்தேன். முதல் தடவை பழக்கதோஷம், சத்தியமாக. அடுத்த மூன்றும் திருட்டுத்தனம்தான்.

நாலு பாய்ச்சலும் பலித்தது. பன்னிரண்டரைக்குள் கம்பெனிப் படை காலி. அண்ணா தோற்றதற்குக் கவலைப்படவில்லை, ஆட்டக் கணக்கு எழுதும் நோட்டைப் பார்த்துத்தான் முகம் வாடினார்.

"ரெண்டு மாசமா ஆடுறோம் குமாரு, நாலுக்கு ரெண்டுதான் எட்டும். உனுக்கு நாலும் எட்டிச்சே. குதிர ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்குதுப்பா."

பன்னிரண்டை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினார். ரெண்டு மாத உழைப்பு என் கையால் கெட்டது.

"அண்ணா..."

"இன்னா?"

"ஒண்ணுமில்லண்ணா."

"ஜெயிச்சவரு நல்லா சாப்பிடணும்" என்று ஸ்டெல்லா அண்ணி இரண்டாம் கரண்டி பிரியாணி வைத்தார். வெட்கங்கெட்டு அதையும் சாப்பிட்டேன்.

விதிப் புத்தகம் செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போவதாக இருந்தது. திங்கள் காலை வேலைக்குக் கிளம்பாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரைக்கு ஒருவழியாகப் பேசினேன்.

"அண்ணா, பன்னெண்ட மாத்தாதீங்க. நான் கையால அளந்துட்டேன்."



"நாலு வாட்டியுமா?"

"நாலு வாட்டியும்ணா."

"உங்க அண்ணிகிட்ட உன்னப் பத்தி எவ்ளோ பெருமையா பேசினு இருந்தேன் தெரியுமா" என்று சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், மதியம் சாப்பிடாமல் அண்ணி விடமாட்டார். பாஸ் இருந்தால் சிவாஜிநகரிலிருந்தும் பஸ்ஸிலேயே போங்கள், ஆட்டோ தண்டம். கண்மதிப்பு தப்பினால் தப்பட்டும், குதிரை செத்தால் சாகட்டும். பொம்மைதானே!

போன வாரம் புத்தகம் கூரியரில் வந்தது. பன்னிரண்டு அப்படியே இருக்கிறது. அதன் கீழே புதிதாக ஒரு வரி: 'பாய்ச்சலை அறிவிக்கும்வரை ஆட்டக்காரர் மேசைமேல் கை வைக்கக் கூடாது.' கடைசிப் பக்கத்தில், ஆடிப் பார்த்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி என்று ஐந்து பெயர்கள். முதல் பெயர் என்னுடையது. அதை அண்ணா அடித்துவிட்டிருக்கலாம்.