சோப்புக்குச் சிவக்காத மஞ்சள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘வடிகட்டி அக்கா’ என்று பேர். பத்தொன்பது வருஷமாக மூலிகைச் சாறு வடிகட்டுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அதில் அவளுக்கு வருத்தமில்லை. வடிகட்டின முட்டாள் என்று யாராவது நினைத்தால்தான் கோபம் வரும்.

ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியரின் மருந்து, ஆறாத கால் புண்ணுக்கானது. மஞ்சளின் சத்து லேசில் தண்ணீரில் கரையாது. அதைக் கண்ணுக்குத் தெரியாத நானோ கொழுப்புத் துகள்களுக்குள் அடைத்து, புண்ணின் ஆழத்துக்கு அனுப்ப வேண்டும். துகளுக்குள் போன மஞ்சள் கடைசி வடிகட்டியைத் தாண்டி இறங்கும். போகாதது தாளிலேயே தங்கிவிடும். இந்த முறை இறங்கியது வெளுத்த தண்ணீர். தாள்தான் மஞ்சள் அப்பிக் கிடந்தது.

“சார், மஞ்சள் பூரா தாள்லயே நின்னுடுச்சு. கீழ இருக்கிறது வெறும் கொழுப்பு.”

“துகள் அளவு பிரமாதமா வந்திருக்கும்மா. தாளை யார் பார்க்கப் போறாங்க?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்தைப் போட்டுப் பார்க்கச் சம்மதித்த முப்பது பேரில் அவள் தங்கையும் ஒருத்தி. ஏழு மாதமாகக் குதிகால் புண்ணோடு நொண்டுகிறவளை, “எங்க மருந்து, நான் கியாரண்டி” என்று கையெழுத்துப் போட வைத்தவளே இவள்தான்.

மருந்து கொடுக்கும் நாளன்று ஆஸ்பத்திரிக்குத் தங்கையோடு போனாள். பேராசிரியரும் வந்திருந்தார். டாக்டர் டியூபைப் பிதுக்கிக் காட்டினார். களிம்பு பளீரென்று மஞ்சளாக இருந்தது.

வெளுத்த தண்ணீருக்கு எங்கிருந்து வந்தது இந்த நிறம்?

டியூபைப் பிடுங்கினாள். கட்டுத்துணியில் பிதுக்கி, கை கழுவும் இடத்துச் சோப்பைப் போட்டு அரக்கித் தேய்த்தாள். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கும். துணி துவைக்கிற யாருக்கும் இது தெரியும். பேராசிரியர் ஜென்மத்தில் துணி துவைத்ததில்லை போலிருக்கிறது.

துணி மஞ்சளாகவே இருந்தது.

“சாயம்! புண்ணுல தடவச் சாயமா கொடுக்கறீங்க? உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா சார்?” கத்தலில் வராந்தாவே திரும்பியது. பேராசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் துணியை வாங்கிப் பார்த்தார். டியூப்களையெல்லாம் பெட்டியில் போட்டு மூடினார்.

அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. தங்கை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டை அவிழ்த்துத் தயாராக வைத்திருந்தாள்.

“அக்கா, இதுக்காகப் பழைய மருந்தை நிறுத்திப் பதினஞ்சு நாளாச்சு. நீதானே கியாரண்டின்னு சொன்னே?”