படி இறங்கிய ஓட்டக்காரர்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் படிவங்களில் என் பெயரும் கடைக்குப் போகும் துண்டும்தான்.

ரொறன்ரோவில் இருக்கும் என் மனைவியின் தம்பி மூன்று வருடங்களுக்கு முன் என்னை ஒரு விளையாட்டில் சேர்த்துவிட்டான். அமெரிக்கன் ஃபுட்போல். களத்தில் ஆடுவது உண்மையான ஆட்டக்காரர்கள். நாங்கள் சொந்தக்காரர் பன்னிரண்டு பேர் கைபேசியில் அவர்களைப் பிரித்து எடுத்து வைத்திருப்போம். அவர்கள் ஓடும் தூரத்துக்கு எங்களுக்குப் புள்ளி. பதினொரு பேர்தான் இருந்தார்கள், சோடி சேரவில்லை என்று என்னை இழுத்தான்.

கடைசியாக வருபவருக்குத் தண்டனை உண்டு. புத்தாண்டு அன்று வீடியோவில் குடும்பம் முழுவதற்கும் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். போன முறை நான்தான் கடைசி. சின்னச் சின்னப் பெட்டிகளில் முப்பது முகங்கள். எனக்கு வாயே திறக்கவில்லை. யாரோ ஒரு பிள்ளை, "மாமாவின்ரை நெட் நிண்டுட்டுது" என்றது. நெட் நிற்கவில்லை.

நான் கடைசியானதற்குக் காரணம் என் ரன்னிங் பேக். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்து ஓடுபவரை அப்படிச் சொல்வார்கள். பாதிப் பருவத்தில் அவருடைய வலது முழங்கால் திரும்பிவிட்டது. சத்திரசிகிச்சை செய்தார்கள். போன வருட ஆட்களில் ஒருவரை மட்டும் இந்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். யாரை என்று ஞாயிறு மாலைக்குள் சொல்ல வேண்டும். அவர் பழையபடி ஓடினால் என்னை யாரும் பிடிக்க முடியாது. ஓடாவிட்டால் மறுபடியும் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

மற்றவர்கள் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக வாசிக்கிறார்கள். எனக்குப் பார்க்க மட்டும்தான் தெரியும். பலர்மோவில் எங்கள் சீசா பகுதியில் பஸ் ஏறினால், கால்சா பகுதியில் நான் வேலை செய்யும் வீடு வரும்வரை அவருடைய பயிற்சி வீடியோவைத்தான் பார்ப்பேன். ஓட்டம் நன்றாக இருந்தது. திரும்புவதும் நன்றாக இருந்தது. வியாழக்கிழமை, ஓட்டம் முடிந்தபிறகும் வீடியோ கொஞ்சம் ஓடியது. அவர் சிரித்துக் கதைத்தபடி ஏழெட்டுப் படி இறங்கிப் போனார். வலது கால் கீழே, இடது கால் அதே படிக்கு. மறுபடி வலது கால் கீழே, இடது கால் அதே படிக்கு. கை கம்பியில்.

வீடியோவைப் பின்னால் இழுத்து அந்தப் படிகளை மறுபடி பார்த்தேன்.

நான் பார்த்துக்கொள்ளும் இத்தாலிய முதியவர், ஐயா என்பதற்கு இங்கே சொல்வதுபோல சிஞ்ஞோரே என்றுதான் கூப்பிடுவேன், ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில் இருக்கிறார். லிஃப்ட் இல்லை. முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர். நாலு வருடமாக ஒவ்வொரு நாளும் அவரைக் கீழே இறக்கி ஏற்றுகிறேன். சமதரையில் அவர் என்னைவிட வேகமாக நடப்பார். ஏறும்போதும் சமாளிப்பார். இறங்கும்போதுதான் முழங்கால் உண்மையைச் சொல்லும். காலை நம்பாதவர் அந்தக் காலைத்தான் முதலில் கீழே வைப்பார்.

அன்று சிஞ்ஞோரே தூங்கிய மத்தியானம் முழுவதும் அந்தப் படிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சப்பாத்து வழுக்கியிருக்கலாம். பழக்கமாக இருக்கலாம். அப்படி நினைத்தால் கொஞ்சம் ஆறுதல். மறுபடி பார்த்தால் மறுபடி வலது கால்.

வெள்ளிக்கிழமை மனைவியின் தம்பி தகவல் அனுப்பினான். என் ரன்னிங் பேக்கைத் தனக்குத் தந்தால், பதிலுக்குத் தன்னிடம் உள்ள ஒரு நல்ல இளம் ஆட்டக்காரரைத் தருவானாம். நான் "ஓம்" என்று ஒரு சொல் அடித்தால் போதும். அடித்தேன், அழித்தேன். சனிக்கிழமை வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தேன்.

"இஞ்சாருங்கோ, காலுக்குள்ளை எறும்பே? ஒரு இடத்திலை இருங்கோவன்" என்றாள் மனைவி. விஷயத்தைச் சொன்னேன். "அவன் என்ரை தம்பியெல்லே. எடுத்துச் சொல்லுங்கோ. இல்லாட்டி இந்த நிலம் தேய்ஞ்சிடும்" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து அவனுக்குப் போன் எடுத்தேன்.

"அவற்றை கால் சரியில்லை" என்றேன்.

"ஆர் சொன்னது? டொக்டர்மார் சரியெண்டிட்டினம் அத்தான்."

"படி இறங்கேக்கை பாத்தனான்."

அவன் சிரித்த சிரிப்பில் கைபேசி அதிர்ந்தது. "அத்தான், மைதானத்திலை படி இல்லை!"

"நீ எடுத்தா நீதான் கடைசி. பிறகு என்னாலை பொய்யனா உன்ரை முகத்திலை முழிக்கேலாது."

"சரி, அப்ப மாத்தேல்லை. ஆனா நீங்களும் அவனை வச்சிருக்கக் கூடாது. சொன்ன சொல்லிலை நில்லுங்கோ பாப்பம்."

அதுவும் நியாயம்தான். மாலையில் குழுவில் அவரை விடுகிறேன் என்று போட்டேன். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. லண்டனில் இருக்கும் ஒருவர், "பலர்மோவிலை புது டொக்டர்" என்று எழுதினார். கடைசியாக மனைவியின் தம்பி: "அடுத்த கிழமை எல்லாரும் ஆள் பிரிக்கேக்கை அவனை நான்தான் எடுப்பன். பாருங்கோ அத்தான்!"

இதற்கு நான் என்ன செய்ய? சொல்லியும் எடுக்கிறான். இனி அவர் நன்றாக ஓடினால் நான் முட்டாள். விழுந்தால், ஒரு மனிதனின் முழங்கால் உடைய வேண்டும் என்று நான் இருந்ததுபோல ஆகிவிடும். அவர் விழக் கூடாது. ஆனால் நான் பார்த்தது பார்த்ததுதான். முதல் ஆட்டம் அடுத்த மாதம். நடந்து முடிந்தபிறகு எவரும் சொல்லலாம் என்று ஒருவரும் பேசிவிடாமல் இருக்க, நடப்பதற்கு முன்பே எழுதி வைக்கிறேன்.

பலர்மோ, 24 ஆகஸ்ட் 2026, திங்கட்கிழமை.