காலை மெசேஜில் வந்த வேலை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். மறதியும் வந்துவிட்டது. புதிதாக ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வரும் பெண்கள் படிக்கட்டும் என்று கேட்டதால் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் திறந்தது

கொரோனாவுக்கு முன்னால் சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் தரை துடைத்தேன். தினமும் வேலை, ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கார்டு இரண்டும் இருந்தன. என் வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு. அந்தக் கார்டில்தான் அவருக்கு மருந்து வாங்கினோம். ஆபீஸை மூடினார்கள், வேலை போயிற்று, பின்னாலேயே கார்டும் போயிற்று.

ரொம்ப நாள் கழித்து ஆபீஸைத் திறந்தார்கள். அதே மாப், அதே ரெஸ்ட்ரூம். காண்ட்ராக்ட் மட்டும் வேறு ஏஜென்சி. காலையில் வாட்ஸ்அப் க்ரூப்பில் சூப்பர்வைசர் தம்பி "இன்று ஆறு பேர்" என்று போடுவார். முதலில் கட்டைவிரல் படம் போடும் ஆறு பேருக்கு அன்றைக்கு வேலை. மற்றவர்கள் வீட்டில். ஈ.எஸ்.ஐ. யாருக்கும் கிடையாது.

என்னிடம் இருந்தது பட்டன் போன். அதே வேலைக்கு வரும் பக்கத்து வீட்டு மேரிதான் எனக்கும் சேர்த்துப் போடுவாள். அதற்குள் ஆள் நிறைந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு மருந்து தீர்ந்துகொண்டே வந்தது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவார். நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டு வாங்கத் தெரியாத சுபாவம் எனக்கு.

நடவு முறை

க்ரூப்பில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் தெருப் பெண்கள், முன்பு கூலிக்கு நடவு நட்டவர்கள். வரிசையில் ஒருத்தி பின்தங்கினால், பக்கத்தில் இருப்பவள் அவள் பங்கு நாற்றையும் சேர்த்து நட்டுவிடுவாள். வரிசை கலையக் கூடாது.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் மேரி கத்தினாள். "இன்னாடி இது, போனைப் புடிச்சிகினு ஓட்டப்பந்தயம்? நடவுல எவளாச்சும் முன்னால ஓடுனீங்களா? இனிமே முறை வச்சுக்கலாம். இன்னிக்கு ஆறு பேரு, நாளைக்கு மிச்சம் பேரு."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கும் முறை வந்தது. ஆனாலும் மருந்துக்கு அது போதவில்லை.

ஒருத்தரும் விரல் போடாத நாள்

வெளிநாட்டுக்காரர்கள் ஆபீஸைப் பார்க்க வருகிறார்கள், எல்லோரும் உடனே வாருங்கள் என்று ஒருநாள் மெசேஜ். ஒருத்தரும் விரல் போடவில்லை. அவர்கள் வரும் சேதி தெரிந்து, யாரும் விரல் போடக் கூடாது என்று மேரி முந்தின நாளே சொல்லி வைத்திருந்தாள். வேறு ஆள் எடுத்துவிட்டால் இருக்கிற முறையும் போய்விடுமே!

சூப்பர்வைசர் மேரிக்குப் போன் போட்டார். அவள் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இன்னாம்மா, எல்லாம் தூங்கிகினு கீறீங்களா?"

"முழிச்சிகினுதான் கீறோம் சார். தெனம் வேலை, ஈ.எஸ்.ஐ. ரெண்டும் தர்றோம்னு சொல்லுங்க. உடனே பஸ் ஏறிடறோம்."

"என் கையில இன்னாம்மா கீது? நானே காண்ட்ராக்ட்டு!"

"அப்போ உங்களுக்கும் சேத்துக் கேளுங்க சார்."

எங்களுக்குச் சிரிப்பு. போனில் அவரும் சிரித்துவிட்டார். பாவம், அந்தத் தம்பி மேலதிகாரிகளிடம் பேசிவிட்டு மறுபடி கூப்பிட்டார். ஆறு பேருக்கு மட்டும் தினவேலையும் ஈ.எஸ்.ஐ.யும், மற்றவர்களுக்குப் பழைய மாதிரி மெசேஜ்தான், யார் அந்த ஆறு என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

அன்றைய முறையில் இருந்தவர்களையே சொல்லலாம் என்றார்கள் பெண்கள். அதில் மேரி உண்டு, நான் இல்லை.

"என் எடத்துல யக்கா பேரைப் போடுங்க," என்றாள் மேரி.

"உன் முறைடி அது," என்றேன்.

"மாமா மூச்சு வாங்குறது செவுத்துக்கு இந்தாண்ட எனக்குக் கேக்கலையா? உன் பங்கு நாத்து மிச்சம் கீது யக்கா. பக்கத்துல கீறவதான் நடணும். நீ கம்முனு இரு."

அந்தக் கார்டில் என் வீட்டுக்காரருக்கு மறுபடி மருந்து கிடைத்தது. இன்றைக்கு அவர் கடைத்தெரு வரை நடந்து போய் வருகிறார். மேரிக்கும், அந்தப் பெண்களுக்கும், சூப்பர்வைசர் தம்பிக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன்?

நான் கற்றது இதுதான். வேலை திரும்ப வந்துவிட்டது என்று சொன்னால், நாளைக்கும் உண்டா, உடம்புக்கு வந்தால் பார்ப்பார்களா என்று கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள்.

இதெல்லாம் மழைக்கு முன்பா, பொங்கலுக்குப் பிறகா என்று எனக்கு நினைவில்லை. யாராவது மேரியிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். காலையில் மட்டும் போக வேண்டாம். அந்த நேரத்தில் அவள் இன்னும் மெசேஜுக்குக் காத்துக்கொண்டிருப்பாள்.