எந்தப் பாதியில் என் பிள்ளை

எழுபதுகளில் நான் கும்மிடிப்பூண்டியில் கணக்கு டீச்சர். கல்லூரியில் நிகழ்தகவை விரும்பிப் படித்தவள். காசைச் சுண்டினால் பூவா தலையா என்பதற்கு, இதற்கு முன் விழுந்ததெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, காசுக்கு ஞாபகம் கிடையாது என்று வகுப்பில் அடித்துச் சொல்வேன். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது. எனக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் ஒரு மாதம் தாங்காமல் போய், மூன்றாவது வயிற்றில் வந்தபோதுதான் அந்தக் கணக்கு என்னைப் பிடித்து ஆட்டியது.

தெருவில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். குழாயடியில் ஒருத்தி, "அதான் ரெண்டு போயிடுச்சே, இது நிக்கும் பாரு" என்பாள். இன்னொருத்தி, என் காதில் விழாது என்று நினைத்து, "ரெண்டு போன வவுறு, இதுவும் தங்காது" என்பாள். நடந்தது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு இவள் இப்படிச் சொல்கிறாள், அவள் அப்படிச் சொல்கிறாள். காசுக்கு ஞாபகம் இல்லை என்பதை இரண்டு பேருக்குமே சொல்லியிருக்க வேண்டும். முதலாமவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேச்சு காதுக்கு இதமாக இருந்தது. இரண்டாமவளோடு மட்டும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனேன்.

மெட்ராஸில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். "உன்ன மாதிரி ரெண்டு பறிகொடுத்தவங்கள்ல பாதிப் பேருக்கு அடுத்தது நல்லா இருக்கும்மா" என்றார். திரும்பி வரும் ரயில் மீஞ்சூரைத் தாண்டியதும் என் கணவர் அந்தப் பேச்சை எடுத்தார். அவருக்குத் தொழிற்சாலையில் சரக்குப் பரிசோதனை வேலை. மூட்டை மூட்டையாக வரும் போல்ட்டில் ஒரு கைப்பிடி அள்ளி அளந்து பார்த்துவிட்டு, மொத்தச் சரக்கும் தேறுமா தேறாதா என்று சொல்லவேண்டும்.

"பாதின்னா மோசமில்லயே" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூட்டையில பாதி தேறும்னு நீங்க சொல்லலாம். என் வயித்துல இருக்கறது ஒண்ணு. ஒண்ணுல பாதி எப்படிங்க பொழைக்கும்?"

எதிரே உட்கார்ந்திருந்தவர் பேப்பரை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், அவருக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழிந்ததும் கணவரின் அக்கா ஊரிலிருந்து வந்து இறங்கினார். வந்த கையோடு, "புள்ளய தவிட்டுக்கு வித்துடணும்" என்றார். பிள்ளைகள் தங்காத வீட்டில் எங்கள் பக்கம் செய்கிற வழக்கம் அது. குழந்தையை முறத்தில் கிடத்தி, பெற்றதெல்லாம் பிழைத்த ஒருத்தியிடம் ஒரு படித் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு அது அவள் பிள்ளை; வளர்க்கிற வேலை மட்டும் நமக்கு.

"தவிட்டுக்கும் உசுருக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?" என்று எரிந்து விழுந்தேன்.

"உன் புள்ளைன்னு வந்தது எதுவும் தங்கல. இத அவ புள்ளைன்னு சொல்லிக்கினு போயேன். உனுக்கு இன்னா கொறஞ்சிபோவுது?"

பதில் சொல்ல வாயெடுத்தேன், படித்த கணக்கு குறுக்கே வந்தது. ஒருவரை எந்தக் கூட்டத்தோடு சேர்த்து எண்ணுகிறோமோ அதைப் பொறுத்து அவருடைய நிகழ்தகவு மாறும். என் மகளை இந்த ஊரில் பிறந்த பெண் குழந்தைகளோடு சேர்த்தால் ஒரு விடை, டீச்சர்கள் பெற்ற பிள்ளைகளோடு சேர்த்தால் வேறு விடை. இரண்டைப் பறிகொடுத்தவளின் பிள்ளை என்றால்தான் டாக்டரம்மா சொன்ன பாதி. இதில் எந்தக் கூட்டம் சரியான கூட்டம் என்று கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்காக ஒரு படித் தவிடு கூட்டத்தை மாற்றிவிடுமா என்ன? மாற்றாது. அவள் என் உடம்பிலிருந்து வந்தவள்தான். அது தெரிந்தேதான் தலையாட்டினேன்.

வாங்கியது அடுத்த வீட்டு அக்கா. மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர் வீட்டுக்காரர் வயல் வேலையை விட்டு ஃபாக்டரிக்கு வந்தவர். நான்கு பிள்ளைகள், நான்கும் தெருவை ரெண்டு பண்ணிக்கொண்டிருந்தன. "எங்க ஃபாதருக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு" என்று சிரித்துக்கொண்டே தவிட்டைக் கொட்டினார். குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தார். பிறகு என்னிடமே நீட்டி, "எம்புள்ள, டீச்சரு. பத்தரமா பாத்துக்க" என்றார். தவிடு அன்றைக்கே எதிர்வீட்டு மாட்டுக்குப் போய்விட்டது.

பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. முதல் இரண்டுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கணவர் வண்டி பிடிக்க ஓடினார். மடியில் அனலாகக் கிடந்தவளைப் பார்த்துக்கொண்டு, நல்ல பாதியா கெட்ட பாதியா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். படித்ததில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை. பயம், வெறும் பயம். அடுத்த வீட்டு அக்கா கழுவிய கை ஈரத்தோடு உள்ளே வந்தார்.

"இன்னா ஆச்சு டீச்சரு?"

"உங்க புள்ளைக்குக் காய்ச்சல், அக்கா" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் ஊசியில் காய்ச்சல் இறங்கியது. இது மருந்தின் வேலை என்று எனக்குத் தெரியும், கணவருக்கும் தெரியும். ஆனாலும் யார் கேட்டாலும் என் பிள்ளை என்று என் வாயிலிருந்து வரவில்லை. அவள் தவழ்ந்தாள், சுவரைப் பிடித்து நின்றாள். ஒரு நாள் காலையில் என் புடவையைப் பற்றிக்கொண்டு முதன்முதலாக "அம்மா" என்றாள். நான் அடுத்த வீட்டைக் கை காட்டினேன்.