ஓடும், ஆனால் பேசாது

இன்று காலை இங்கே சுவிஸில், ஓர்லிகோன் நிலையத்தில் ரயிலுக்கு நின்றபோது என் புதுக் கைபேசி சொன்னது: "இந்தச் செயலி பழைய பதிப்புக்கானது. திறக்க முடியாது." நேற்றுவரை பழைய கைபேசியில் திறந்ததே! பக்கத்தில் நின்றவரின் கோப்பி மணம் வேறு. எரிச்சலோடு எரிச்சலாக நாதன் அண்ணை நினைவுக்கு வந்தார்.

முன்பு கூர் நகரத்து ஹோட்டல் ஒன்றின் குசினியில் நானும் அவரும் வேலை செய்தோம். நான் கோப்பை கழுவினேன், அவர் சமையலுக்கு உதவி. மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே கிடைக்கும் ஓய்வுக்கு 'சிம்மர்ஸ்டுண்ட' என்று பெயர். நான் அதைக் குறட்டையில் கழித்தேன். அண்ணை கணினியில் ஒரு நிரல் எழுதினார். தமிழ்ச் சொல்லைத் தட்டினால் சுவிஸ் ஜெர்மன் சொல்லை அவருடைய குரலே சொல்லும். எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு அதைப் பிரதி எடுத்துப் போனார்கள்.

ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த என் மனைவி வசந்தியும் அதைக் கேட்டுத்தான் முதியோர் இல்ல வேலை நேர்முகத்துக்குத் தயாரானாள். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. புதிய இயங்குதளம், செயலிகளுக்குப் புதிய அடித்தளம். பழைய நிரல்கள் வழமைபோல ஓடும் என்று எழுதியிருந்தது. ஓடியதுதான். திரை வந்தது, சொல் வந்தது. குரல்தான் இல்லை.

அண்ணை உதவி எண்ணுக்கு அழைத்தார்.

"திறக்குதோ எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டன். அப்ப எல்லாம் சரியாம், வைச்சிட்டாங்கள்!"

வேறு வழியில்லாமல் ஒவ்வொரு சிம்மர்ஸ்டுண்டவிலும் வசந்திக்குத் தொலைபேசி எடுத்தார். "நான் சொல்லுறன் பிள்ளை, நீ திருப்பிச் சொல்லு." என் நித்திரை போனது, அவளுக்கு வேலை கிடைத்தது.

பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க, புதிய தளத்துக்கு ஏற்றபடி அண்ணை நிரலைத் திருப்பி எழுதினார். அது வாய் திறந்து பேசிய கொஞ்சக் காலத்தில், அந்தப் புதிய தளத்தையே கைவிடப்போவதாக அறிவிப்பு வந்தது. அதைவிடப் புதிது ஒன்று வருகிறதாம்.

"சொல்லும் மாறேல்ல, என்ர குரலும் மாறேல்ல. நான் ஏன் திருப்பித் திருப்பி எழுதவேணும்?" என்று கணினியை அடித்து மூடினார். அதோடு சரி.

இப்போது ஓய்வுபெற்று ஊஸ்டரில் இருக்கிறார். போன மாதம் அவரைப் பார்க்கப் போனபோது, "பழைய கணினி ஒண்டு தேடிப் பிடிச்சால் ஓடவைக்கலாம் அண்ணை," என்றேன்.

"ஆருக்கடா?"

உள்ளறையில் அவருடைய பேரப்பிள்ளைகள் சுவிஸ் ஜெர்மனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டுவதற்கு அவர்களிடம் தமிழ்ச் சொல் இல்லை.