கல்யாணப் பத்திரிகையின் முதல் வரி

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்த எங்களை நுவரெலியாவுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டபோது, எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். இடுப்பில் ஒரு பிள்ளை. மனுவை எழுதித் தந்தவர் பூண்டுலோயாவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன்; நானா என்போம். கல்யாணத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள், மறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

நாங்கள் கல்யாணத்தைப் பதிந்திருக்கவில்லை. நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியதோடு சரி. என் வீட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் பெட்டியைத் திறந்தேன். கூறைச் சேலை மடிப்பில் கல்யாணப் பத்திரிகை இருந்தது. மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்து எழுத்துக் கூட்டி எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். கோயில், தோட்டம், எங்கள் பேர், எல்லாம் அச்சில் இருந்தன. எடுத்துக் கொடுத்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விசாரித்த துரை சிங்களவர். பக்கத்தில் தமிழில் சொல்ல ஒருவர். பத்திரிகையை வாங்கி அவர்தான் வாசித்தார். முதல் வரியிலேயே நிறுத்தி, அதைத் துரைக்குச் சொன்னார். "திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா" என்று தொடங்கி, என் வீட்டுக்காரருடைய பாட்டன் ஊர் அதில் இருந்தது. எல்லார் பத்திரிகையிலும் அப்படித்தான் போடுவோம்.

துரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். மற்றவர் அதைத் தமிழில் சொன்னார்.

"ஒங்க ஊரு இந்தியாவுல இருக்கே. பின்ன இங்க எதுக்குக் கேக்குறீங்க?"



"அது வழக்கமுங்க," என்றார் என் வீட்டுக்காரர். "எந்த ஊரு ஆளுகன்னு தெரிஞ்சாத்தான் பொண்ணு குடுப்பாங்க. நான் பொறந்தது இந்தத் தோட்டத்துலங்க. அந்த ஊரு கெழக்கயா மேற்கயான்னுகூடத் தெரியாதுங்க."

அவ்வளவையும் அந்த மனுஷர் சிங்களத்தில் ஒரே வார்த்தையாகச் சொன்னார். வலப்பனைச் சந்தையில் பழகிய சிங்களம் எனக்குப் போதும். 'வழக்கமாம்' என்று மட்டும்தான் சொன்னார்.

துரை என்னைப் பார்த்து, நீயாவது அந்த ஊருக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டார். இல்லையென்று தலையை ஆட்டினேன். அவர் அதற்குள் குனிந்து எழுதத் தொடங்கியிருந்தார். பத்திரிகையைக் கோப்பில் குத்திக்கொண்டார். திருப்பித் தரவேயில்லை.

அந்தத் துரைக்கும் பாட்டன் ஊர் ஒன்று வேறெங்காவது இருந்திருக்கும். அவரை யாரும் அங்கே போகச் சொல்லமாட்டார்கள். எங்களுக்கு மட்டும், பாட்டன் பேருக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நாடு. ஆளுக்கு ஒரு நாடு, எங்களுக்கு அது இந்த நாடு அல்ல என்று அவர் முதலிலேயே முடிவு செய்திருந்தார். இதை யோசித்துக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் ஆனது. அன்றைக்குத் திகைப்பு மட்டும்தான்.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கடைக்குக் கொண்டுபோனோம்; நானா இரண்டு தடவை வாசித்தார். இந்த நாட்டில் நிலையாக இருக்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை, மனு தள்ளுபடி.

திரும்பி நடக்கும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக என் வீட்டுக்காரரிடம் நானே பேச்செடுத்தேன்.

"நான் எடுத்துக் குடுத்ததுனாலதானே?"

அவர் கடிதத்தை மடித்து மடியில் செருகினார்.

"விடு புள்ள. கல்யாணம் ஆனதையாச்சும் நம்புனாங்கல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் விடிய, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். தோட்டத்துக் கணக்கில் என் வீட்டுக்காரர் பேர் இருந்தது. என் பேரும் இருந்தது. கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினோம்.