எட்டாத காது

எங்கள் காலத்தில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சேர யாரும் பிறந்த தேதி கேட்கவில்லை. கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட வேண்டும். தொட்டால் வயது வந்துவிட்டது. எனக்கு எட்டவில்லை. தலையைச் சாய்த்துக் காதை விரலிடம் கொண்டுவந்தேன்.

"சாய்க்காத புள்ள, காது எங்கயும் ஓடிறாது" என்று வாத்தியார் சிரித்தார். ஆனாலும் சேர்த்துக்கொண்டார். அங்கே ஐந்தாம் வகுப்பு வரைக்கும், பிறகு தலவாக்கலை டவுனில் எட்டாவது வரைக்கும் படித்தேன். அதற்கப்புறம் கொழுந்துக் கூடைதான்.

போன ஐப்பசி மழையில் கூடையோடு மேட்டிலிருந்து வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை என்றார்கள். ஆனால் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் எறிய அந்தக் கைதான் வேண்டும். கணவர் இறந்த பிறகு எங்கள் வீட்டில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தவள் நான் ஒருத்திதான். பேர் இல்லாத வீட்டுக்கு லயத்து வரிசையில் குடியிருக்கக் காம்பரா கிடையாது. மகள் தலவாக்கலையில் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவளைவிட எனக்குத்தான் அந்த ஆசை அதிகம்.

தை பிறந்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். மகளும் கூட வந்தாள்.

"வேலைக்கு ஆவுவியான்னு தொரை கேக்குறாரு. கையத் தலைக்கு மேல கொண்டுபோயி அந்தப் பக்கக் காதத் தொடும்மா" என்றார் மருந்து கொடுக்கும் ஐயா.

"அம்மாவ ஒண்ணாங் கிளாசுல சேக்கப் போறீங்களா ஐயா?" என்றாள் மகள். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் கையைத் தூக்கினேன்.

கை கன்னத்தோடு நின்றுவிட்டது. பல்லைக் கடித்தேன். என்னை அறியாமல் தலை சாய்ந்தது.

"சாய்க்காதம்மா" என்றார் அவர். மகளின் சிரிப்பு நின்றது. "இந்தக் கை கொழுந்துக்கும் ஆவாது, களைக்கும் ஆவாது. பேர வெட்டத்தான் சொல்லணும். மக வளந்துருச்சே, பொறவு என்ன?"

திரும்பும் வழியில் அவள்தான் முதலில் பேசினாள்.

"நாளைக்கு வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நான் போறேம்மா."

"பேசாம வாடி. நீ படிக்கிற புள்ள."

"காம்பராவ விட்டுட்டு எங்க இருந்து படிக்கிறது? சொல்லு."

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தேன். 

முதன்முதலாகக் கொழுந்துக்குப் போகிற பெண்ணுக்குக் கூடைக் கயிற்றைத் தாய்தான் 'பொலி' என்று வாழ்த்தித் தலையில் மாட்டிவிட வேண்டும். அதுதான் எங்கள் லயத்து வழக்கம். விடியலில் கூடையை எடுத்தேன். அவள் என்னைவிட உயரம். எனக்குத் தலை எட்டவில்லை. எனக்கு முன்னால் குந்தினாள். இடது கையால் மாட்டிவிட்டேன்.

"பொலி சொல்லும்மா, கூட நெறையட்டும்."

நான் கயிற்றையே திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தேன். 

மழை இறங்கினால் லயத்து வாசலில் நின்று நான் விழுந்த மேட்டையே பார்க்கிறேன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எல்லாரும் ஒன்றுபோலக் குனிந்திருக்கிறார்கள். எது என் பிள்ளை என்று தெரிவதில்லை.